பையில் இருந்த ஒரே சட்டை

ஒன்பதாம் மாதம் பிறந்தும் அந்த வீட்டில் பிள்ளைக்கென்று ஓர் ஊக்குகூட வாங்கி வைக்கவில்லை. வாங்கக் கூடாது என்பது சின்னப்பொண்ணுவின் உத்தரவு. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். பேரம் பேச வருகிறவர்களின் வாயை ஒரே வார்த்தையில் அடைத்துப் பழகியவள். வீட்டுக்குள்ளும் அவள் சொன்னதற்கு மறுசொல் கிடையாது. மருமகள் தனக்கொடிக்கோ மறுத்துப் பேசுகிற தெம்பெல்லாம் முதல் பிள்ளையோடு போய்விட்டது.

முதல் பிள்ளைக்கு எல்லாவற்றையும் வாங்கியவள் தனக்கொடிதான். வளைகாப்பு முடிந்த கையோடு நேரு வீதிக்குப் போய், கடைக்காரப் பெண் அலுத்துப்போகும்வரை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து வாங்கினாள். குல்லா, காலுறை, டர்க்கி துண்டு, கொசுவலைக் குடை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு ஜப்லா சட்டை. வெள்ளை மல் துணி, முதுகுப் பக்கம் முடிச்சுப் போடுகிற நாடா, கழுத்தைச் சுற்றிப் பச்சை ஓரம். வீட்டுக்கு வந்ததும் அதைத் தன் வயிற்றின் மேல் விரித்துப் பார்த்துச் சிரித்தாள். புருஷன் கலைவாணனைக் கூப்பிட்டு அவனையும் பார்க்க வைத்தாள்.

அந்தப் பிள்ளை ஒன்பதாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அசைவை நிறுத்திக்கொண்டது. காரணம் சொல்ல முடியவில்லை, சில சமயம் இப்படி ஆகிவிடுகிறது என்றார் டாக்டர். டாக்டருக்குத் தெரியாத காரணம் தெருவுக்கே தெரிந்திருந்தது. பிறக்கும் முன்னே துணி வாங்கி அடுக்கினால் பிள்ளை தங்குமா என்று துக்கம் கேட்க வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று பேசினார்கள். ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்கு வாயை மூடிக்கொண்டு உட்காரத் தெரிந்தால் எத்தனையோ வீடுகள் பிழைத்துப்போகும்.

பிள்ளையைத் தனக்கொடி பார்க்கவில்லை. பார்த்தால் மனசு விடாது என்று பெண்கள் துணியால் மூடி எடுத்துப் போனார்கள். பிள்ளைக்கு வாங்கிய துணிகளோடு ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் இருந்த பையைச் சின்னப்பொண்ணு மகன் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் கடலில் போட்டுவிட்டு வரச் சொன்னாள். ஆனால் வலி எடுக்கும் முன்பே தனக்கொடி அந்தப் பச்சை ஓரச் சட்டையைப் பையிலிருந்து எடுத்துத் தலையணை உறைக்குள் திணித்து வைத்திருந்தாள். அது யாருக்கும் தெரியாது.

அன்று சாயந்திரம் கலைவாணன் வார்டுக்குத் திரும்பி வந்தபோது தலை ஈரமாக இருந்தது. மேலே சட்டை இல்லை, வெறும் பனியன். பின்னாலேயே வந்த அவன் அண்ணன் சக்கரபாணியிடம் சாராய வாடை அடித்தது. பெற்ற பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு அண்ணனும் தம்பியும் குடிக்கப் போயிருக்கிறார்கள், போட்டிருந்த சட்டையைக்கூட எங்கேயோ தொலைத்துவிட்டு வந்து நிற்கிறான் என்று அவள் அப்போதே முடிவு கட்டிவிட்டாள். அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவன் குடிகாரன் இல்லை என்பது அவளுக்கே தெரியும். இருந்தும் அந்தப் பனியன் அவள் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. அதன் பிறகு சோறு போட்டாள், துணி துவைத்தாள், சிரிக்கிற இடத்தில் சிரித்தாள். அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

இன்னொன்றும் அவனுக்குத் தெரியாது. மூன்றாம் நாள் அவளுக்குப் பால் சுரந்துவிட்டது. குடிக்கப் பிள்ளை இல்லை என்று உடம்புக்கு யார் போய்ச் சொல்வது? மார்பு இரண்டும் கல்லாகிக் காய்ச்சலே வந்துவிட்டது. சின்னப்பொண்ணு கதவைச் சாத்திவிட்டு, மார்க்கெட்டிலிருந்து கொண்டுவந்த மல்லிகைப் பூவைக் கைநிறைய அள்ளி மார்பில் வைத்துத் துணியால் இறுகக் கட்டினாள். பூ வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும் என்பது அவர்கள் வழக்கம். காலையில் கட்டியது சாயந்திரத்துக்குள் வெந்து கறுத்துப்போகும். அவிழ்த்துவிட்டுப் புதுப் பூ வைப்பாள். பால் வற்றும்வரை தனக்கொடி அந்த வாசனையிலேயே கிடந்தாள். அதற்குப் பிறகு அவள் தலையில் மல்லிகை வைத்ததே இல்லை.

இப்போது இது இரண்டாவது. பரிசோதனைக்குப் போனபோது சரிதா என்ற நர்ஸ், பை தயாராக இருக்கிறதா, பிள்ளைக்குத் துணி எடுத்து வைத்தாயிற்றா என்று கேட்டாள்.

"பொறக்கட்டும் சிஸ்டர், அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் சின்னப்பொண்ணு.

"பொறந்ததும் போத்த வேணாமாம்மா? பழைய வேட்டியக் கிழிச்சாவது வையுங்க."

"வேட்டி வூட்லதான் இருக்குது. கிழிச்ச துணி சும்மா மூலையில கெடக்கக் கூடாது. சேதி வரட்டும், கிழிக்க இன்னா நேரம் ஆவப் போவுது?"

சரிதா தனக்கொடியின் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டாள். தனக்கொடிக்கு நர்ஸ் சொன்னதும் சரியாகப் பட்டது, மாமியார் சொன்னதும் சரியாகப் பட்டது. பயந்த மனசுக்கு எல்லாமே சரியாகத்தான் படும். வேலை செய்துகொண்டே இருப்பாள், திடீரென்று கையை வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றுவிடுவாள். ஓர் அசைவு தெரிந்தால்தான் அடுத்த பாத்திரத்தைத் தொடுவாள். பக்கத்து வீட்டுக் கொடியில் குழந்தைத் துணி காய்ந்தால் தலையைத் திருப்பிக்கொண்டு போவாள்.

ஆஸ்பத்திரிக்கென்று தனக்கு மட்டும் ஒரு பை கட்டினாள். இரண்டு நைட்டி, ஒரு துண்டு, சீப்பு. கடைசியில், யாரும் இல்லாத நேரம் பார்த்து, அந்தப் பச்சை ஓரச் சட்டையையும் அடியில் வைத்தாள். வீட்டில் விட்டுப் போனால் யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். உண்மை அதுவல்ல. அதே ஆஸ்பத்திரிக்கு அதைத் தனியே விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

வலி ஒரு காலையில் வந்தது. கலைவாணன் தட்டாஞ்சாவடி பிளாஸ்டிக் கம்பெனிக்கு டியூட்டிக்குப் போயிருந்தான். சின்னப்பொண்ணுதான் ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போனாள். மதியத்துக்குள் பெண் பிள்ளை பிறந்தது. பிறந்ததும் வீல் என்று கத்தியது. போன தடவை அந்த அறையில் ஒரு சத்தமும் கேட்கவில்லை.

சேதி கேட்ட சின்னப்பொண்ணு நின்ற இடத்தில் நிற்கவில்லை. வேட்டி கிழிக்க வீட்டுக்கு ஓடினாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. இங்கே பிள்ளையைத் துடைத்த சரிதா, "துணி எங்கம்மா?" என்று கேட்டுக்கொண்டே பையைத் திறந்து அடிவரை துழாவினாள். "இந்தா, ஒண்ணே ஒண்ணு இருக்கு" என்று அந்தச் சட்டையை எடுத்து உதறினாள். தனக்கொடி வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் சரிதா பிள்ளையின் இரண்டு கைகளையும் நுழைத்து முதுகில் நாடாவை முடிந்துவிட்டாள். அளவெடுத்துத் தைத்ததுபோல அது பிள்ளைக்குப் பொருந்தியது.

வேட்டித் துண்டுகளோடு மூச்சு வாங்க வந்து சேர்ந்த சின்னப்பொண்ணு, "சட்ட ஏதுடி?" என்றாள்.

"ஆஸ்பத்திரியில குடுத்தாங்க அத்த."

"நல்லா மெத்துனு இருக்குது. கெடக்கட்டும்."

பொய் சொன்னாயிற்று. இனி கழற்றவும் வழியில்லை. கழற்றினால் மூத்தவனை விரட்டுவதுபோல இருக்கிறது; போட்டிருந்தால் அவன் போன வழியை இவளுக்குக் காட்டுவதுபோல இருக்கிறது. பிள்ளை தூங்கினால் மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். மூச்சோடு பச்சை ஓரம் ஏறி இறங்குவது தெரிந்தால்தான் தன் மூச்சை விடுவாள்.

அடுத்து வந்தது பால். பிள்ளை வாயைத் திறந்து தேடும், பிடிக்கும், இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு நழுவி அழும். அழுது களைத்துத் தூங்கிவிடும். மஞ்சளாகச் சொட்டுச் சொட்டாக வருவது சீம்பால், முதல் இரண்டு நாளைக்கு அதுவே போதும், மூன்றாம் நாள் பால் இறங்கிவிடும், சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்றாள் சரிதா. பிள்ளையின் வயிறு அம்மாவின் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும், காம்பை மட்டும் கொடுக்காமல் கறுப்புப் பகுதியும் வாய்க்குள் போகும்படி கொடுக்க வேண்டும் என்று கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தாள். தனக்கொடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். உள்ளே ஒரே நினைப்புதான் ஓடியது. அன்றைக்குப் பூ வைத்துக் கட்டி வற்ற வைத்த பால் திரும்பி வருமா?

சின்னப்பொண்ணு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆனால் மார்க்கெட்டில் நல்ல பால் சுறாவாகப் பார்த்து எடுத்து, பூண்டை உரித்துக் கொட்டிப் புட்டு செய்து தூக்கில் கொண்டுவந்தாள். பால் சுரக்க அதற்கு மேல் மருந்து கிடையாது என்பது அவள் கட்சி. மருமகள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே நின்றாள். நிற்கும்போது அவள் கை முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்ததைத் தனக்கொடி கவனித்தாள். இவளுக்கும் அந்தப் பூ நினைவுதான் என்று புரிந்ததும் பயம் இன்னும் கூடியது.

மூன்றாம் நாள் காலை பிள்ளையை எடை போட்ட டாக்டரம்மா முகம் சுளித்தார். "எடை கொஞ்சம் அதிகமாவே இறங்கியிருக்கு. சாயந்திரம் வரைக்கும் பார்ப்போம். அப்பவும் சரியா குடிக்கலன்னா மேல வச்சுப் பாத்துக்கணும்."

மேல என்றால் மாடியில் கண்ணாடிப் பெட்டிகள் இருக்கிற அறை. பயப்பட ஒன்றும் இல்லை, பத்திரமாகத்தான் பார்த்துக்கொள்வார்கள் என்று சரிதா எடுத்துச் சொன்னாள். தனக்கொடியின் காதில் அது ஏறவில்லை. ஒரு தடவை அவளிடமிருந்து பிள்ளையை எடுத்துப் போனார்கள். அது திரும்பி வரவில்லை. அவளுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். அந்தக் காலை முழுவதும் திரும்பத் திரும்பப் பிள்ளையை மார்பில் போட்டுப் பார்த்தாள். இவள் இறுக்க இறுக்கப் பிள்ளை முறுக்கிக்கொண்டு அழுதது.

மதியம் சின்னப்பொண்ணு அழுக்கு, சுத்தம் என்று பார்க்காமல் எல்லா வேட்டித் துண்டுகளையும் மூட்டையாகக் கட்டினாள். ஆஸ்பத்திரிக் குழாய்மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை. வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போட்டு எடுத்து வருகிறேன் என்று கிளம்பிப் போனாள். அவள் போன கொஞ்ச நேரத்தில் கலைவாணன் வந்தான். கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுக் குளித்து, துவைத்த சட்டை போட்டு வந்திருந்தான். கையில் வாழை இலைப் பொட்டலம்.

"மார்க்கெட் வழியா வந்தேன். ரொம்ப நாளாச்சு நீ வச்சு" என்று பொட்டலத்தைப் பிரித்தான். நெருக்கமாகத் தொடுத்த மல்லிகை. பிள்ளை பெற்றவள் இத்தனை நாளைக்குப் பூ வைக்கக் கூடாது என்பதெல்லாம் அவனுக்கு என்ன தெரியும்? பெண்டாட்டி முகம் வாடியிருக்கிறது, பூ வாங்கிப் போவோம் என்று தோன்றியிருக்கிறது, வாங்கிவிட்டான்.

வாசனை மூக்கில் ஏறியதும் தனக்கொடி சுவரோரமாக ஒதுங்கினாள். பிள்ளையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"எடுத்துட்டுப் போங்க அத."

"என்னாச்சு கொடி?"

"எடுத்துட்டுப் போங்கன்றேன்ல. இந்த எடத்துலயே இருக்கக் கூடாது."

அவன் குழம்பிப்போய்ப் பொட்டலத்தோடு வெளியே போனான். வராந்தாவில் யாரோ ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு, குழாயடியில் சோப்புப் போட்டுக் கைகழுவிக்கொண்டு திரும்பி வந்தான். விரலை மோந்து பார்த்துவிட்டு மறுபடியும் போய்க் கழுவிவிட்டு வந்து, கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தான். கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவன் கேட்காததால்தான் அவளுக்குப் பேச வாய் வந்தது.

"அப்ப எனக்குப் பால் வந்துச்சு. குடிக்கத்தான் ஆளு இல்ல. உங்கம்மா இந்தப் பூவ வச்சுத்தான் கட்டுனாங்க, வத்திப் போவட்டும்னு. வத்திடுச்சு. இப்ப இவளுக்கு இல்ல."

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீங்க எனக்கு என்னா சொன்னீங்க?" இத்தனை காலம் தொண்டையில் இருந்த முள் வெளியே வந்தது. "அவனக் கொண்டுபோய் வச்சிட்டு வந்து ஒரு வார்த்த சொன்னீங்களா? எங்கயோ குடிச்சிட்டு, சட்டையத் தொலைச்சிட்டு, பனியனோட வந்து நின்னீங்க."

கலைவாணன் குனிந்து பிள்ளையைப் பார்த்தான். பிறகு கையை நீட்டி அந்தப் பச்சை ஓரத்தை விரலால் தொட்டான். இந்த மூன்று நாளும் அவன் வந்தபோதெல்லாம் பிள்ளை கழுத்துவரை வேட்டித் துணிக்குள் சுற்றியே இருந்தது. முகத்தை மட்டும்தான் அவன் பார்த்திருந்தான்.

"இது உங்கிட்டயா இருந்துச்சு?" என்றான். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "பையில குல்லா இருந்துச்சு, சாக்ஸ் இருந்துச்சு. சட்டைய மட்டும் காணல. அம்மா எல்லாத்தையும் கடல்ல போடச் சொன்னாங்க. எனக்கு மனசு வரல. நீ ஆசையா வாங்குனது, அவனுக்கே போட்டு அனுப்பலாம்னு ஒண்ணொண்ணா எடுத்து மாட்டுனேன். மேலுக்குப் போட ஒண்ணும் இல்ல. பையத் தலகீழாக் கொட்டித் தேடுனேன். வெறும் ஒடம்போட எப்புடி மண்ணுல வக்கிறது? எஞ்சட்டையக் கழட்டிச் சுத்தி வச்சிட்டேன். அண்ணந்தான் தாங்க முடியாமக் குடிச்சுது. நான் கடல்ல முழுகிட்டு வந்தேன்."

தனக்கொடிக்கு உலகமே நின்றுபோனது. எந்தப் பனியனுக்காக அவனை இத்தனை காலம் வெறுத்தாளோ, அது தன் பிள்ளைக்குப் போர்த்திய மிச்சம். பிள்ளை வெறும் உடம்போடு கிடந்ததற்குக் காரணமான சட்டையோ தன் தலையணைக்குள்தான் இருந்திருக்கிறது. வெட்கமும் துக்கமும் அவன்மேல் பொங்கிய பாசமும் ஒன்றாகச் சேர்ந்து அவளை உலுக்கின.

"எப்புடி இருந்தான்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்டதில்லை.

"முடி நெறைய. குல்லா பத்தல, இழுத்து வுட்டேன். நெத்தி அப்படியே உன்னுது. தூங்குற மாரிதான் இருந்தான்."

அவள் அழுதாள். போன தடவை அழுத அழுகை அல்ல இது. பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு அழுகிற அழுகை. கலைவாணன் அவள் தலையைத் தன் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு அவனும் அழுதான். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் மரியாதையாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

பிள்ளை விழித்துக்கொண்டு சிணுங்கியது. தனக்கொடி இந்த முறை இறுக்கவில்லை. சரிதா சொன்னபடி வயிற்றோடு வயிறாக அணைத்து, பிள்ளை வாயை அகலமாகத் திறக்கும்வரை காத்திருந்து கொடுத்தாள். பிள்ளை பிடித்தது, இழுத்தது. மார்புக்குள் ஊசி குத்துவதுபோல ஒரு சுருக். பிறகு பிள்ளையின் தொண்டையில் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. தனக்கொடி மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். மறுபடியும் கேட்டது. பிள்ளை விழுங்குகிற சத்தம்.

"குடிக்கிறா" என்றாள்.

இந்தப் பக்கம் பிள்ளை குடிக்கக் குடிக்க, அந்தப் பக்கம் தானாகப் பீறிட்டு வழிந்தது. பூ வற்ற வைத்ததாவது, பால் வராததாவது. நைட்டி நனைந்தது, பிள்ளையின் சட்டை பச்சை ஓரம்வரை தொப்பலாக நனைந்தது. குரல் கேட்டு வந்த சரிதா பார்த்துவிட்டு, "மூணாம் நாள் எறங்கும்னு சொன்னேனா இல்லையா?" என்று அதட்டினாள். அதட்டலில் சந்தோஷம் தெரிந்தது. "நல்லா குடிக்கட்டும். டாக்டரம்மா வந்ததும் நானே சொல்றேன். முதல்ல அந்த ஈரச் சட்டைய மாத்துங்க, ஃபேன் காத்துல சளி புடிச்சுக்கும். வேற துணி எடுங்க."

வேறு துணி எங்கே இருக்கிறது? வேட்டித் துண்டெல்லாம் சின்னப்பொண்ணுவோடு போய்விட்டது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கலைவாணனின் கை தன் சட்டைப் பொத்தானுக்குப் போனது. தனக்கொடி அவனைத் தடுக்கவில்லை. நனைந்த நாடாவை அவிழ்த்து, பச்சை ஓரச் சட்டையைக் கழற்றிக் கட்டில் கம்பியில் விரித்துப் போட்டாள். அவன் நீட்டிய சட்டையை இரண்டாக மடித்துப் பிள்ளையைச் சுற்றினாள். பிள்ளை உடனே மறுபக்கம் பால் தேடியது.

"துவைச்ச சட்டைதானே?" என்று கேட்டுவிட்டு, சரிதா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஏங்க, வார்டுல ஆம்பளைங்க இப்படி வெறும் பனியனோட நிக்கக் கூடாது. வெளியில போய் இருங்க."

"நிக்கட்டும் சிஸ்டர்" என்றாள் தனக்கொடி.